கொல்லைக் குட்டை: குஞ்சுக்கு முன் குளத்தைக் கவனியுங்கள்

கொல்லையில் ஐந்து சென்ட், பத்து சென்ட் இடத்தில் குட்டை வெட்டி மீன் வளர்க்கச் சிறு விவசாயிகள் பலர் முன்வருகிறார்கள். வரவேற்க வேண்டிய செய்திதான். ஆனால் ஆசையோடு வெட்டிய குட்டையை ஓரிரு ஆண்டுகளில் கைவிட்டு விடுவோரும் உண்டு. காரணம் கேட்டால், "குஞ்சு சரியில்லை" என்பார்கள். "தீவனம் கட்டுப்படியாகவில்லை" என்பார்கள். குறை பெரும்பாலும் குஞ்சிலும் இல்லை, தீவனத்திலும் இல்லை. குட்டையின் அமைப்பில்தான் இருக்கிறது.

மண்ணைத் தோண்டித் தண்ணீர் விட்டால் அது பள்ளம்தான். மீன் இரை தேடவும், மூச்சு விடவும், வெயிலுக்கு ஒதுங்கவும் வசதி இருந்தால்தான் அது குளம். இந்த வசதிகளைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை. வெட்டுகிற நாளன்று விவசாயி அருகில் நின்று கவனித்தாலே போதும்.

பெட்டி போல் வெட்டலாமா?

பொக்லைன் எந்திரத்தைக் கொண்டு நான்கு பக்கமும் சுவர் போல நேராக வெட்டிவிடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. இது தவறு. ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடியாவது சாய்வு விட வேண்டும். 50 அடி நீளமும் 44 அடி அகலமும் உள்ள ஐந்து சென்ட் குட்டையை 6 அடி ஆழத்துக்கு இப்படி வெட்டினால், அடித்தளம் 32 அடிக்கு 26 அடி இருக்கும்.

"இவ்வளவு இடம் வீணாகிறதே" என்று தோன்றும். வீணாவதில்லை. சரிவான ஓரத்தில் வெயில் தரை வரை இறங்குகிறது. அங்கேதான் மீனுக்கு இரையாகும் பாசியும் நுண்ணுயிர்களும் செழிக்கின்றன. செங்குத்தான கரையோ ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிந்து விழுந்து நீரைச் சேறாக்கிவிடும். இன்னொன்றும் உண்டு. கொல்லையில் குழந்தைகள் விளையாடுவார்கள். நேர்ச்சுவர்க் குட்டையில் தவறி விழுந்தவர் பிடித்து ஏற வழியில்லை. சாய்வான கரை உயிரைக் காக்கும். அத்துடன் சுற்றிலும் ஒரு முள்வேலியும் போடுவது நல்லது.

மடு வேண்டும்

ஏரியிலும் கண்மாயிலும் கோடையில் நீர் வற்றும்போது மீன்கள் மடுவில் போய் ஒதுங்குவதை எல்லோரும் அறிவார்கள். கொல்லைக் குட்டைக்கும் அதே முறைதான். அடித்தளத்தில் ஒரு மூலையில் 10 அடிக்கு 10 அடி இடத்தை மேலும் 2 அடி ஆழப்படுத்தினால், சித்திரை வெயிலில் மீன்கள் அங்கே குளிர்ச்சியாகத் தங்கும். அறுவடையின்போது நீரை இறைத்தால் மீன்கள் எல்லாம் மடுவில் சேரும், பிடிப்பதும் எளிது.

ஆழத்துக்கு வேறொரு பயனும் உண்டு. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிரிகால் அடிமட்டத்திலும் இரை தேடும். ஐந்தாறு அடி நீர் நின்றால் மூன்றும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி வளரும். இரண்டடி நீரில் இந்த மூன்றையும் விட்டால் மூன்றும் ஒரே இரைக்குப் போட்டியிடும்.

பேராசை வேண்டாம்

1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி ஒடிசாவில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி, ஊசி மருந்து செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். அதற்கு முன் ஆற்றில் பிடிக்கும் குஞ்சுகளையே நம்ப வேண்டியிருந்தது; வேண்டாத மீன்களும் கலந்து வரும். இன்று நல்ல குஞ்சு பண்ணைகளில் கிடைக்கிறது. எளிதாகக் கிடைப்பதாலேயே அளவுக்கு மீறி வாங்கி விடுகிறார்கள். சென்ட்டுக்கு 20 குஞ்சு போதும். ஐந்து சென்ட்டுக்குக் கட்லா 40, ரோகு 30, மிரிகால் 30 என்று விடலாம். 500 குஞ்சு விட்டால் 500 மீன் கிடைக்காது. ஒரு விரல் நீளத்துக்கு மேல் வளராத மீன்கள்தான் மிஞ்சும்.

குஞ்சு விடுவதற்கு முன் சென்ட்டுக்கு 1 கிலோ சுண்ணாம்பும், ஒரு வாரம் கழித்து 20 கிலோ சாணமும் இட வேண்டும். நீர் இளம்பச்சை நிறம் அடைந்த பிறகே குஞ்சு விட வேண்டும். நீரின் பதத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கையை நேராக நீரில் இறக்க வேண்டும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் பதம் சரி. தெளிவாகத் தெரிந்தால் சாணம் தேவை. அதற்கு முன்பே மறைந்துவிட்டால் சாணத்தை நிறுத்த வேண்டும். நீர் சேறாகக் கலங்கியிருக்கும்போது இந்தச் சோதனை பொருந்தாது.

விடியற்காலை ஆபத்து

பகலில் பாசி பிராண வாயுவை நீரில் சேர்க்கிறது. இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியும் நேரத்தில்தான் பிராண வாயு மிகக் குறைந்திருக்கும். மூட்டமான நாட்களில் ஆபத்து அதிகம். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுவே எச்சரிக்கை. அன்று சாணமும் தீவனமும் இடாமல், புது நீரை உயரத்திலிருந்து விழும்படி பாய்ச்ச வேண்டும். ஆண்டு முழுதும் பட்ட பாடு ஒரே விடியலில் மிதப்பதைத் தடுக்க வழி இதுதான்.

கரையில் புளி, வேம்பு போன்ற இலை கொட்டும் மரங்கள் வேண்டாம். இலை அழுகும்போதும் பிராண வாயு குறையும். தென்னை, வாழை வைக்கலாம். ஆகாயத்தாமரையை ஒன்று கண்டாலும் அகற்ற வேண்டும். மூங்கில் கம்புகளை ஆங்காங்கே நீரில் ஊன்றி வைத்தால் அவற்றில் பாசி படியும். ரோகு அதை மேய்ந்து வளரும். இரவில் வலை வீச வருகிறவர்களுக்கும் அது தடையாகும். மருந்து தெளித்த வயலின் வடிநீர் குட்டைக்குள் வரவே கூடாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வெள்ளத்தில் அது தப்பினால் ஊர் ஏரியின் மீனையெல்லாம் தின்று தீர்க்கும்.

மண்வேலையை வெட்டிய மண்ணின் அளவைப் பார்த்து மதிப்பிடுவது வழக்கம். மீன் வளர்க்கும் குட்டைக்கு அது மட்டும் அளவுகோல் ஆகாது. கரை சாய்ந்திருக்கிறதா, மடு இருக்கிறதா என்று அதிகாரிகளும் பார்க்க வேண்டும். விவசாயிகளும் கேட்டு வாங்க வேண்டும். மாட்டை வாங்குவதற்கு முன் கொட்டகை போடுகிற விவசாயி, மீன் குஞ்சு வாங்குவதற்கு முன்பும் அதே அக்கறையைக் காட்டினால் கொல்லைக் குட்டை அவரைக் கைவிடாது.