அருகில் அமரவும் சுங்கமா?

1954க்கு முற்பட்ட புதுவையைக் கண்ட முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுங்கச்சாவடிக் கதைகளைக் கணக்கின்றிச் சொல்வார்கள். பிரெஞ்சு மண்ணும் இந்திய மண்ணும் சதுரங்கக் கட்டங்கள் போலக் கலந்து கிடந்த பகுதி இது. அண்ணன் வீடு ஓர் ஆட்சியில். தங்கை புகுந்த வீடு மற்றோர் ஆட்சியில். 1949இல் சுங்க வேலி எழுந்தபின், இரண்டு கல் தொலைவு நடப்பவனும் மூட்டையை அவிழ்த்துக் காட்டிவிட்டே நடக்க வேண்டியிருந்தது. உறவுக்கும் உறவுக்கும் நடுவே ஒருவன் மேசை போட்டு அமர்ந்து, "என்ன கொண்டுபோகிறாய்?" என்று கேட்டான். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது, மேசை அகன்றது, மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டனர்.

அகன்றுவிட்டது என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். இல்லை, தோழர்களே! அந்த மேசை ஆகாயத்தில் ஏறி அமர்ந்திருக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே, தாய்க்கும் மகனுக்கும் நடுவே அமர்ந்து, "அருகருகே உட்கார வேண்டுமா? எடு பணத்தை!" என்று கேட்கிறது.

முத்தியால்பேட்டையில் நமக்குப் பழக்கமான தோழர் ஒருவர். பஞ்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். அவருடைய துணைவியாருக்குப் பார்வை மங்கிவிட்டது; கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். ஐதராபாத்தில் வேலை பார்க்கும் மகள், பெற்றோர் ரயிலில் அலைய வேண்டாம் என்று, சென்னையிலிருந்து விமானத்துக்கு இருவருக்கும் ஒரே சீட்டாக எடுத்து அனுப்பினாள். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியம் அன்று. வழக்கம் பலருக்கும் பொது. பயணத்துக்கு முன் செயலியில் இருக்கையைப் பதிவு செய்யப் போனால், படத்தில் வண்ண வண்ணமாய்க் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் விலை. 'டிக்கெட்டுக்குத்தான் பணம் கட்டியாயிற்றே, மறுபடி எதற்கு?' என்று நினைத்த தோழர் ஒன்றையும் தொடாமல் விட்டுவிட்டார். எந்திரம் தானாக ஒதுக்கியது: அவருக்கு 7ஆம் வரிசை, பார்வை மங்கிய மூதாட்டிக்கு 23ஆம் வரிசை, முன்பின் அறியாத இருவருக்கு நடுவில்.

"விமானத்தில் ஏறிப் பத்து நிமிடம் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டில் அவள் என் பெயரைச் சொன்னது அன்றுதான்" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு என்ன நடந்தது? அம்மையாரின் பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தாமாக எழுந்து, தம் இடத்தைத் தோழருக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசைக்குப் போனார். காசில்லாமல் முடிந்தது காரியம். நம் ஊர்ப் பேருந்தில் நாள்தோறும் நடப்பது இதுதானே? கடலூர்ப் பேருந்தில் ஒரு குடும்பம் ஏறினால், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க அண்ணே, குழந்தையோடு வந்திருக்காங்க" என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார், நான்கு பேர் நகர்கிறார்கள், குடும்பம் சேர்ந்துகொள்கிறது. அதற்கென்று ஒரு சீட்டைக் கிழித்து அவர் பையில் போட்டுக்கொள்வதில்லை. ஏழை ஏறும் வண்டியில் இருக்கும் இந்த நாகரிகம், பல கோடி விலையுள்ள வானூர்தியில் விற்பனைச் சரக்காகிவிட்டது!

"விரும்பினால் கொடு, விரும்பாவிட்டால் விடு, யார் கட்டாயப்படுத்தினார்கள்? தனித்தனியாகக் கட்டணம் வாங்குவதால்தானே அடிப்படைக் கட்டணம் குறைந்திருக்கிறது?" என்று நிறுவனங்கள் வாதாடும். இந்த வாதத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போகலாகாது. அதில் ஓரளவு உண்மை உண்டு. 1953இல் சட்டமியற்றி விமானங்களை அரசே ஏற்று நடத்திய காலத்தில் இருக்கைக்குத் தனிவிலை கேட்டதில்லை. ஆனால் அந்த விமானத்தில் ஏறியவர் யார்? அமைச்சரும் ஆலை முதலாளியும் அதிகாரியும்! பஞ்சாலைத் தொழிலாளி அதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 1994இல் அந்தத் தனியுரிமை நீங்கியது. 2003இல் கேப்டன் கோபிநாத்தின் 'ஏர் டெக்கான்' வந்தது. சாதாரண மக்களும் வானில் பறக்க வழி திறந்தது. அந்த நன்மையை மறுப்பவர் நாமல்லர். தோழரின் மகள் பெற்றோரை விமானத்தில் அழைக்க முடிந்ததே அதன் பயன்தான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2013இல் நடுவண் அரசு, விமானச் சேவையைக் கூறுபோட்டு விற்க அனுமதி தந்தது. உணவுக்குத் தனி விலை, மிகுசுமைக்குத் தனி விலை, விரும்பிய இருக்கைக்குத் தனி விலை. பெட்டிக்கு எடை உண்டு; எடையைத் தூக்க எரிபொருள் வேண்டும்; ஆகவே பெட்டிக்குப் பணம் கேட்பதில் நியாயம் உண்டு. உணவுக்கு அரிசியும் அடுப்பும் ஆளும் வேண்டும், அதற்கும் கேட்கட்டும். கால் நீட்ட அதிக இடம் வேண்டும் என்கிற கனவான் கூடுதலாகக் கொடுக்கட்டும், நமக்கு வழக்கில்லை. கணவன் அருகே மனைவி அமர்வதால் விமானத்தின் எடை ஒரு குன்றிமணியேனும் கூடுகிறதா? அவளை 23ஆம் வரிசைக்கு அனுப்புவதால் எரிபொருள் ஒரு சொட்டேனும் மிச்சமாகிறதா? நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லாத ஒன்று இது. செலவில்லாததற்கு விலை எங்கிருந்து வருகிறது? பிரிந்துவிடுவோமோ என்ற அச்சத்திலிருந்து வருகிறது. சேர்ந்தே பதிவு செய்தவர்களைச் சேர்த்தே அமர்த்தினால் அந்த அச்சம் எழாது. அச்சம் எழாவிட்டால் கட்டத்துக்கு விலை போகாது. இதுதான் சங்கதி!

வேண்டுமென்றே பிரிக்கிறார்களா என்று கேட்டால், "எந்திரம் தற்செயலாக ஒதுக்குகிறது" என்பார்கள். ஐரோப்பாவில் பறக்கும் 'ரையன் ஏர்' நிறுவனமும் இதையே சொல்லியது. 2017இல் பி.பி.சி. நிறுவனத்தார் நால்வர் கொண்ட குழுக்களை நான்கு பயணங்களில் அனுப்பிச் சோதித்தனர். பணம் கட்டாத அத்தனை பேருக்கும் நடு இருக்கையே வாய்த்தது. இது தற்செயலாய் நிகழ எத்தனை வாய்ப்பு என்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜெனிபர் ராஜர்ஸ் கணக்கிட்டார்: 54 கோடியில் ஒன்று! லாட்டரியில் முதற்பரிசு விழுவது இதைவிட எளிது. நிறுவனமோ, சன்னலோரத்தையும் நடைபாதையோரத்தையும் பணம் கட்டுவோருக்காக வைத்திருப்பதால் மற்றவர்க்கு நடுவிடம் போகிறது என்று விளக்கம் சொல்லியது. அந்த விளக்கமே போதுமே! ஓரங்களை விற்பனைக்கென ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய நடுவிடங்களில் குடும்பத்தைச் சிதறவிட்டு, அதற்குத் 'தற்செயல்' என்று பெயர் சூட்டுவது எந்த அகராதித் தமிழோ, ஆங்கிலமோ, நாமறியோம்.

எவ்வளவு பணம் புரள்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்கச் செனட் சபையின் நிரந்தர விசாரணைத் துணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: ஐந்து அமெரிக்க விமான நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை இருக்கைக் கட்டணமாக மட்டும் பெற்றது 1,240 கோடி டாலர். முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே, அதன் மேலவையே, இதைக் கேள்வி கேட்க வேண்டிய நிலை! அதே மாதத்தில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. கைப்பைக்குக் கட்டணம் வாங்கியதோடு, குழந்தைகளுக்கும் பிறர் உதவியின்றி இயங்க இயலாதவர்களுக்கும் துணையாகச் செல்வோர் அருகே அமர்வதற்கும் கட்டணம் வாங்கியது குற்றம் என்றது. நிறுவனங்கள் வழக்காடப் போவதாகக் கொதித்தன. கொதிக்கட்டும்.

நம் நாட்டில்? 2018 நவம்பரில் 'இண்டிகோ' நிறுவனம், இணையவழிப் பதிவில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. விமான நிலையத்துக்கு வந்து கேட்டால் இலவசம் என்றது. எதிர்ப்புக் குரல் எழுந்தது. அமைச்சகம் ஆராய்வதாகச் சொன்னது. 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்ககம் ஓர் உத்தரவு பிறப்பித்தது: 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, ஒரே சீட்டில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது காப்பாளருள் ஒருவருக்கு அருகிலாவது இடம் தர வேண்டும், அதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும்.

வரவேற்கிறோம். ஆனால் அந்த உத்தரவு பன்னிரண்டாம் வயதில் நின்றுவிட்டதே! பதின்மூன்று வயதுச் சிறுமி அந்நிய ஆடவர் இருவருக்கு நடுவே அமரலாமா? பார்வை மங்கிய மூதாட்டியின் வயது எழுபதைக் கடந்ததால் அவளுக்குத் துணை வேண்டாமா? அறுவை மருத்துவம் முடிந்து திரும்புகிறவன், மறதி நோயால் தம் பெயரையே மறந்த பெரியவர், வாய் பேசாத இளைஞன் — இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? குழந்தைக்குத் துணை வேண்டும் என்று ஒப்புக்கொண்டபோதே கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஒரே சீட்டில் பதிவு செய்தவர்கள் கட்டணமின்றிச் சேர்ந்து அமர்வது உரிமை என்பதே நாம் கேட்பது. அதை வயதைக் கொண்டு வெட்டுவதற்கு நியாயம் ஏது?

இதில் உயிர்ப் பிரச்சினையும் உண்டு. விபத்து நேர்ந்தால், பாதி வாயில்களை மட்டும் கொண்டு 90 நொடிக்குள் பயணிகள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு புதிய வகைப் பெரிய விமானத்துக்குச் சான்று கிடைக்கும். அந்தச் சோதனையில் கலந்துகொள்வோர் எவரும் 23ஆம் வரிசையில் விட்டுவந்த மனைவியைத் தேடிப் பின்னோக்கி ஓடுவதில்லை. மெய்யான புகையில் நம் தோழர் எந்தத் திசையில் ஓடியிருப்பார்? அறிவிப்பைக் கேட்டு வாயிலை நோக்கியா? அத்தனை பேரின் வழியையும் மறித்துக்கொண்டு அவர் பின்னோக்கித்தான் ஓடியிருப்பார். நானும் அப்படியே, நீங்களும் அப்படியே.

புதுவைக்கு இது அயலூர்ச் செய்தி அன்று. லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு விமானம் வருவதும் நிற்பதுமாகவே காலம் போயிற்று. 2024 மார்ச்சில் நின்ற சேவை, அவ்வாண்டு டிசம்பர் 20இல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். ஆகவே 78 பேர் அமரும் சிறிய ஏ.டி.ஆர். வகை விமானம். இருபுறமும் இரண்டிரண்டு இருக்கை. நடு இருக்கை என்பதே இல்லை. இருவராக வருபவரை இருவராக அமர்த்தவே செய்தது போன்ற அமைப்பு! ஒரே நிறுவனம் பறக்கும் ஊரில், 'பிடிக்காவிட்டால் வேறு விமானத்துக்குப் போ' என்ற சந்தை வேதாந்தமும் செல்லாது. போட்டி இல்லாத இடத்தில் சட்டம் ஒன்றே மக்களின் துணை.

சட்டம் வந்தால் தொழில் அழிந்துபோகும் என்ற ஓலத்தைப் புதுவை முன்பே கேட்டிருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டபோது ஆலை முதலாளிகள் இதையேதான் சொன்னார்கள். 1936 சூலை 30இல் 12 தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன்பின்னரே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. ஆலைகள் மறுநாளே மூடிவிடவில்லை. அந்த உயிர்த்தியாகத்தையும் இந்த இருக்கைக் கட்டணத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று எவரும் கருத வேண்டாம். ஓலம் மட்டுமே ஒன்று.

ரயிலைப் பாருங்கள். 2020இல் முதியோர் கட்டணச் சலுகையைப் பறித்த அதே ரயில்வேதான். அந்தக் கோபம் நமக்கு ஆறவில்லை. ஆயினும் மூத்த குடிமக்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும், அவர்கள் கேட்காவிட்டாலும், இடமிருக்கும் வரை கீழ்ப்படுக்கை ஒதுக்க அதன் எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எந்திரத்துக்கு இரக்கம் இல்லை; சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது. பிரிக்கச் சொன்னால் பிரிக்கும். சேர்க்கச் சொன்னால் சேர்க்கும். ஐதராபாத்திலிருந்து திரும்பும்போது நம் தோழர் மகளிடம் ஒரே பிடிவாதமாக நின்று ரயிலில் வந்தார். எதிரெதிரே இரண்டு கீழ்ப்படுக்கை. ஒரு காசும் கூடுதலாகக் கேட்கவில்லை. இரவெல்லாம் அம்மையார் கை நீட்டினால் எட்டும் தொலைவில் அவர் இருந்தார்.

புதுவைக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் ஓர் உறுப்பினர். எந்தக் கட்சியினராயினும் சரி, இருவரிடமும் இந்தக் கேள்வியைக் கொண்டுசெல்வோம். வெறுங்கையோடு போகக்கூடாது. உங்கள் பகுதியில் ஒரே சீட்டில் பதிவு செய்தும் பிரித்து அமர்த்தப்பட்டவர்கள், சேர்ந்து அமரப் பணம் கட்டியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பயணச்சீட்டையும் கட்டண ரசீதையும் படியெடுத்து, வயதையும் உடல்நிலையையும் குறித்து, கிளை அலுவலகங்களில் சேர்ப்பியுங்கள். முத்தியால்பேட்டைத் தோழர் தம் இரண்டு போர்டிங் பாஸ்களையும், 7ஆம் வரிசை ஒன்று, 23ஆம் வரிசை ஒன்று, முதல் ஆளாகக் கொடுத்துச் சென்றிருக்கிறார்.