கம்பைலர்கள் இடும் நாமங்கள்

சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரே பெயரைப் பல ஃபங்ஷன்கள் தாங்கலாமாதலால், அவற்றைப் பிரித்தறியும் பொருட்டு, ஒவ்வொரு கம்பைலரும் அவை ஏற்கும் தரவு வகைகளையும் சேர்த்து அப்பெயரை உருமாற்றி எழுதுகிறது. அதற்கான விதியை 1998-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிர்ணயமும் வகுத்துரைக்கவில்லை. ஆகவே, விண்டோஸிலேயே ஜி.சி.சி. அடிக்கோட்டில் தொடங்கி எழுதும் பெயரை மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கேள்விக்குறியில் தொடங்கி எழுத, இரண்டையும் பிணைக்க முற்படும் லிங்கர், நூலகம் கண்ணெதிரே இருந்தும், ஃபங்ஷன் இல்லையென்று சாதிக்கிறது.

இது குறையன்று, ரட்சையே என்பது என் திடமான அபிப்பிராயம். பெயர் மட்டும் ஒத்து, நினைவக அமைப்பு முரண்பட்டால், நிரல் ஓடும்போதல்லவா அனர்த்தம் விளையும்! ஆயினும், பிறர் உபயோகத்துக்கென நூலகம் இயற்றுவோர், வெளிவாயிலிலேனும் சி மொழியின் எளிய பெயர்களை அறிவிப்பது கடமை. 32-பிட் விண்டோஸின் சில அழைப்பு முறைகளில் அப்பெயரோடும் பைட் கணக்கு ஒட்டிக்கொள்ளுமாதலால், ஏற்றுமதிப் பெயர்களைத் தனிக்கோப்பில் வரையறுத்தலும் அவசியம்.