பிஞ்சிலே பறியுங்கள்

அச்சாறு போடும் கெக்கரிப் பிஞ்சுக்குச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. வெயில் படும் வேலியோரம் போதும். எருவிட்டுக் கிளறிய குழியில் இரண்டு மூன்று விதை ஊன்றி, கொடி படரப் பந்தலிடுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பூத்தவையெல்லாம் காய் பிடிக்காமலே உதிர்ந்தன. கொடியைப் பிடுங்கப் போனேன். “பொறுங்க மகன், ஆண்பூதானே முதல்ல வரும்” என்று மாமி தடுத்தார். ஒரு வாரத்தில், அடியில் சிறு பிஞ்சு தாங்கிய பெண்பூக்கள் வந்தன. தேனீ வராத மூட்டமான நாட்களில் ஆண்பூவைப் பறித்து, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டார். பூக்கும் காலத்தில் கிருமிநாசினி தெளிக்காதீர்கள்; தேனீ மடிந்தால் காயும் குறையும்.

விதைத்து ஏறக்குறைய 40 நாளில் பறிக்கலாம். 5 முதல் 8 சென்ரிமீற்றர் நீளமிருக்கும்போதே, ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். இலை மறைவில் காயை முற்ற விட்டால், கொடியின் சத்து அதன் விதைக்கே போகும், புதுப்பிஞ்சு குறையும்.

வினாகிரியில் இடுமுன் பூ இருந்த நுனியைச் சிறிது நறுக்கிவிடுங்கள். அப்போதுதான் காய் குழையாது.

அன்று அவசரப்பட்டிருந்தால் எனக்கு மிஞ்சியது வாடிய கொடிதான். மாமியின் சொல் கேட்டதால், அண்டை வீட்டுக்கும் ஒரு போத்தல் அச்சாறு போயிற்று.