கண்டறியப்படாத நோயும் காணப்படாத மக்களும்

நொத்தாரிசுத் தொழில் புரிவோர்க்கு ஊரின் துயரம் உறுதிகளின் வாயிலாகவே தெரியவரும். ஐம்பது வயதும் நிரம்பாத கமக்காரர் ஒருவர் வயல் வரம்பிலே சாய்ந்து விழுகிறார். ஒரு கையும் காலும் வழங்காமற் போகின்றன. பாரிசவாதம் என்கிறார் வைத்தியர். சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவி எமது கந்தோருக்கு வருகிறார். வயலை ஈடுவைக்க உறுதி முடிக்கவேண்டும். "அவருக்கு முன்னம் ஒரு வருத்தமும் இருந்ததில்லை, ஐயா" என்கிறார். இத்தகைய உறுதிகள் பலவற்றை நாம் எழுதியிருக்கின்றோம்.

வருத்தம் இருந்தது. அதை அளந்து பார்ப்பார்தாம் இருக்கவில்லை.

ஊரார் 'பிரசர்' என்று சொல்லும் உயர் குருதியமுக்கம் நோவு தருவதில்லை, காய்ச்சலாகக் காய்வதுமில்லை. அளவு 140க்கு 90 என்பதைத் தாண்டி ஆண்டுக்கணக்காக நிலைத்து, இருதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் நாளங்களையும் அரித்துவிடுகிறது. அதைக் கண்டறியத் தேவைப்படுவன கைப்பட்டி ஒன்றும் சில நிமிடங்களுமே. அடக்கி வைக்கப் பெரும்பாலும் நாள்தோறும் ஓரிரு குளிசைகளும் உப்புக் குறைந்த உணவும் போதும். எனினும், 2019ஆம் ஆண்டில் உலகிலே 30 முதல் 79 வயது வரையிலானோருள் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததென்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாதிருந்தனரென்றும் ஆய்வாளர் கணித்துள்ளனர்.

அறியாதிருப்போர் யாவர்? நோய் செல்வரையும் தீண்டும், வறியவரையும் தீண்டும். அதில் வேற்றுமையில்லை. கண்டறிவதிலேதான் வேற்றுமை. உத்தியோகம் ஏற்கும்போது ஒரு சோதனை; ஆயுட் காப்புறுதிக்கு ஒரு சோதனை; வீட்டு மேசையிலே சொந்தக் கருவி. இவை எம்போன்ற படித்த வகுப்பினர்க்கு வாய்த்தவை. படுவான்கரையில் வேளாண்மை செய்பவருக்கும், மலையகத்து லயன் அறையில் வாழ்பவருக்கும் முதற் சோதனை பெரும்பாலும் விழுந்த பின்னரே நிகழ்கிறது.

"எமது நாட்டில் வைத்தியம் இலவசமன்றோ?" என்று கேட்பாருளர். உண்மை. அவ்விலவசத்தை நாம் இகழோம். அது காக்கப்படவேண்டிய பெருஞ்செல்வம். 2011 முதல் நோயற்றோரும் சென்று சோதித்துக்கொள்வதற்கான நிலையங்கள் திறக்கப்பட்டதையும் மறவோம். ஆயினும் அங்கு செல்லும் ஆடவர் தொகை குறைவென்பதே கண்ட அனுபவம். சோதனை இலவசம், அன்றைய கூலி இலவசமா? பஸ் கட்டணம் இலவசமா? அரைப்பேர் விழுந்தாலே அடுப்பு அரைவயிறாகும் வீட்டிலே, நோவில்லாத நோய்க்காக யார் ஒருநாளை இழப்பார்? 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியே வாங்க வசதியுள்ளோர் வாங்கினர். ஏனையோர்க்குக் குளிசை தவறியது.

இஃது எமக்கு மட்டுமுரிய குறையன்று. பிரித்தானியாவிலே 1948 முதல் வைத்தியம் இலவசம். அங்கும் வைத்தியம் மிகத் தேவைப்படுவோரையே அது மிகக் குறைவாகச் சென்றடைகிறதென்று 1971இல் எழுதினார் ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்னும் வைத்தியர். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. வேல்ஸிலே கிளின்கொரக் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில், தம்மிடம் பதிவு பெற்ற வளர்ந்தோர் அனைவரையும் தேடித் தேடிக் குருதியமுக்கம் அளந்தார். பின்னர் அயலூரோடு ஒப்பிட்டபோது, அவ்வூரில் 65 வயதுக்கு முன் நேரும் சாவு கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களிலே நடந்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2020இல் வெளிவந்தது. சுகாதார ஊழியர் நோயாளரின் வீடுதேடிச் சென்று அளந்தும் அறிவுரை கூறியும் வந்தனர். இரண்டாண்டு முடிவில், வழமையான கவனிப்புப் பெற்றோரைவிட இவர்களின் மேலளவு 5 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்திருந்தது.

வீடுதேடிச் செல்லுதல் எமக்குப் புதியதன்று. கருவுற்ற தாயைத் தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் படலைக்கு வருகிறார். தாயைத் தேடி வரும் அரசு, ஏர்பிடிக்கும் தந்தையைத் தேடி வரலாகாதா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, கைப்பட்டி மக்களிடம் செல்லவேண்டும்: கமநல சேவை நிலையத்துக்கும் சங்கக்கடைக்கும், மாலைவேளையிலே சனசமூக நிலையத்துக்கும், கொழுந்து நிறுக்கும் தராசடிக்கும். இரண்டாவது, சோதனைக்கும் கிளினிக்குக்கும் செல்லும் நேரத்துக்குக் கூலி வெட்டப்படலாகாதெனச் சட்டம் விதிக்கவேண்டும். மூன்றாவது, நோய் அடங்கி நிற்போர்க்கு மாதந்தோறும் வரிசையில் நில்லாதவாறு சில மாத மருந்தை ஒருங்கே வழங்கவேண்டும்.

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது 1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரை. ஏட்டில் உள்ள உரிமை எட்டாத தொலைவில் இருந்தால் அது உரிமையாகாது. அரசு அசையும்வரை படித்தவர் கைகட்டி நிற்பதும் முறையன்று. வீட்டிலே கருவி வைத்திருப்போர், அளக்கத் தெரிந்த தாதியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, வரும் ஞாயிறன்று ஒரு சனசமூக நிலையத்துக்குச் செல்வாராக. கமக்காரப் பெருமக்களே, நோவில்லையென்று இராதீர், கையை நீட்டுங்கள். அடுத்த ஈட்டு உறுதியை எழுதும் வேலை எமக்கு வேண்டாம்.