வண்டு உயிர்க்கணக்கில் சேராதா?

பூச்சிக்கு வலி தெரியாது, அதை என்ன செய்தாலும் குற்றமில்லை என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் ஒரே அளவில் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலில் மவுண்ட்–பூந்தமல்லி சாலையை ஒட்டி எழுந்த அடுக்ககங்களில் தெருநாய்க்குச் சோறு வைக்கும் வீடுகள் உண்டு. நாயைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிப் புகார் கொடுக்கும் வீடுகளும் உண்டு. மழைக்கால இரவில் படிக்கட்டு விளக்கை மொய்க்கும் வண்டைத் துடைப்பத்தால் அடிப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

சட்டம் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, மனிதர் தவிர்த்த எந்த உயிரும் விலங்குதான். நாயும் மாடும் யானையும் அடங்கும் அதே சொல்லுக்குள் கரப்பானும் வண்டும் அடங்கிவிடுகின்றன. அந்தச் சட்டத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட சென்னை நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததை, அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறிய பின்னரே திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டம் கொல்வதையே தடுக்கிறது என்று பயப்பட வேண்டாம். வேறு சட்டங்களின் அதிகாரத்தோடு செய்யும் ஒழிப்புக்கு அது விலக்கு அளிக்கிறது. உள்ளாட்சியின் கொசுமருந்து வண்டி தாராளமாக வரலாம். அது கண்டிப்பது தேவையற்ற வதையை.

தேவையற்ற வதைக்குப் பொன்வண்டைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிட்டு, இலையோடு தீப்பெட்டியில் அடைத்து, முட்டையிடுமா என்று காத்திருந்த கதை பால்ய நினைவுகளில் இனிமையான பக்கமாகவே எழுதப்படுகிறது. ஜெர்மனியிலும் மே மாதத்தில் வரும் மைகேஃபர் வண்டைச் சிறுவர்கள் இப்படித்தான் பெட்டியில் அடைத்தார்கள், நூலில் கட்டினார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

அந்தப் பெரியவர்கள் பக்கம் ஒரு காலத்தில் அறிவியலும் நின்றது. 1984-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி இலை தின்பதையும், கால் நசுங்கிய பூச்சி அந்தக் காலை ஊன்றியே நடப்பதையும் காட்டி, பூச்சிக்கு வலி இருக்க வாய்ப்பில்லை என்று வாதிட்டது. வலுவான வாதம்தான். ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. 2019-இல் சிட்னி ஆய்வாளர்கள், கால் இழந்த பழ ஈக்கள் காயம் ஆறிய பிறகும் சூட்டுக்கு மிகையாகக் கூசுவதைக் கண்டார்கள். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பணிபுரியும் லார்ஸ் சிட்காவின் ஆய்வுக்கூடத்தில், வண்டுத்தேனீக்கள் சூடான கிண்ணத்தைத் தவிர்த்தன. அதே கிண்ணத்தில் சர்க்கரை கூடினால் சூட்டைப் பொறுத்துக்கொண்டன. அனிச்சைச் செயலுக்கு இப்படி லாப நட்டம் பார்க்கத் தெரியாது. அதே குழு 2022-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, கரப்பான், ஈ, கொசு இனங்களில் வலிக்கான சான்று வலுவாக இருந்தது. வண்டினம் அந்த வரிசையில் இல்லை; அதைச் சோதித்தவர்கள் குறைவு. ஆனால் எந்தப் பூச்சிக்கும் வலியே இல்லை என்று காட்டும் நல்ல சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பூச்சிக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கைக்கு ஓர் இரட்டைப் பிள்ளை உண்டு: வண்டை ஊசியில் குத்திச் சேகரிப்பவனுக்கு உயிரிரக்கம் இருக்காது என்பது. அதுவும் தவறு. 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த பால்டிக் ஜெர்மானியர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் அனுப்பிய மாதிரிகள் இல்லாமல் இக்கரையின் பல பூச்சிகளுக்கு அன்றைக்கே அறிவியல் பெயர் கிடைத்திருக்காது. பெயர் இல்லாத உயிருக்காக யாரும் வழக்காட முடியாது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கம் பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பது. பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் 27 ஆண்டுகள் அவர்கள் பொறிவைத்துப் பிடித்த பூச்சிகளை எடைபோட்டதில், பறக்கும் பூச்சிகளின் நிறை முக்கால் பங்குக்கும் மேல் சரிந்தது 2017-இல் தெரியவந்தது. 2019-இல் பவேரியா மாநிலத்தில் தேனீக்களைக் காக்கக் கோரிய மனுவில் 17 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2021-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் பூச்சிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பூச்சிக்கொல்லியோடு, பாதுகாக்கப்பட்ட இடங்களில் இரவு விளக்குகளுக்கும் அது கட்டுப்பாடு விதித்தது. பொறியில் செத்த பூச்சிகள் இல்லாமல் இவ்வளவும் நடந்திருக்காது. தேவைக்காகக் கொல்வதும், தோன்றியபோதெல்லாம் நசுக்குவதும் ஒன்றல்ல.

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டை விவசாயி கொல்வான், கொல்லட்டும். விளக்குக்கு வந்த சாணிவண்டு யார் பயிரையும் தின்பதில்லை. மாடு போட்ட சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் எருவாக்குவதுதான் அதன் வேலை. அதை அடிக்கத் துடைப்பம் தேடுவதைவிட, ஆளில்லாத நேரத்தில் படிக்கட்டு விளக்கை அணைப்பது எளிது. வெள்ளை விளக்கை மஞ்சளாக மாற்றினாலும் மொய்க்கும் பூச்சிகள் குறையும். ஐயப்பன்தாங்கல் அடுக்ககச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை முடிவு செய்யலாம், மின்கட்டணமும் குறையும்.