ஒல்லி டயர்தான் மலை ஏறும்

போன மாதம் ஒரு தம்பி புது ஜிம்னியோடு கடைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு குட்டியானையில் ஐந்து டயரும் ஐந்து அலாய் ரிம்மும் வந்து இறங்கின. "அண்ணே, 235 டயர். ரிம் எட்டு இஞ்சு. இன்னைக்கே மாட்டிரணும். நாளைக்கு மாமா எஸ்டேட்டுக்குப் போறேன்" என்றார். கம்பெனி டயரில் என்ன குறை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பாக்க ஒல்லியா இருக்குண்ணே."

போடிநாயக்கனூரில் டயர், அலைன்மென்ட் கடை போட்டு எனக்கு இருபத்தேழு வருடம் ஆகிறது. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இடுக்கிப் பக்கம் போய்விடும். மேலே தார் முடிந்ததும் கல், சேறு, ஓடைத் தண்ணீர். அந்த ஜீப்புகளின் டயரைப் பாருங்கள், எல்லாம் ஒல்லிதான். இத்தனை வருடத்தில் ஒரு ஜீப் டிரைவர்கூட என்னிடம் அகல டயர் கேட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயரே 6.00-16தான். ஆறு இஞ்சு அகலம், அவ்வளவுதான்.

காரணம் எளிது. எங்கள் மலைச் சேறு மேலே வழுக்கும். நாலு விரல் ஆழத்தில் கெட்டித் தரை இருக்கும். ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு போய் அந்தத் தரையைப் பிடிக்கும். அகல டயருக்கு அதே எடை பரந்து விழுவதால் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். தார் ரோட்டில் மழைநீர் தேங்கி நின்றாலும் இதே கதைதான்.

மணலில் கணக்கு வேறு, அதையும் ஒத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் கீழே பிடிப்பதற்குத் தரையே கிடையாது, அங்கே மிதக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் அகல டயர் வாங்கத் தேவையில்லை. காற்றை 15, 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தரையில் நீளவாக்கில் படியும், வண்டி வெளியே வந்துவிடும். கையில் ஒரு சின்ன பம்ப் இருக்க வேண்டும். தார் ரோடு ஏறுவதற்கு முன் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும். அந்தக் குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும்.

தம்பியை உட்காரவைத்து ஒரு அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜிம்னிக்குக் கம்பெனி கொடுப்பது 195/80 R15. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 80 சதவீதம், அதாவது 156 மில்லிமீட்டர், டயரின் பக்கச் சுவர். 15 என்பது இஞ்சில் ரிம்மின் விட்டம். எல்லாம் கூட்டினால் டயரின் முழு உயரம் 693 மில்லிமீட்டர். அவர் கொண்டுவந்த 235/75 R15, 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நாற்பது மில்லிமீட்டர் கூடுகிறதே என்று தோன்றும். ஆனால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, இருபதுதான். அந்த இருபதுக்கு, மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் ஓடும். 1.5 லிட்டர் எஞ்சின் ஒவ்வொரு ஏற்றத்திலும் கூடுதலாகத் திணறும்.

அடுத்து ரிம். ஜிம்னியின் ரிம் ஐந்தரை இஞ்சு அகலம். 235/75 டயர் உட்காரக் குறைந்தது ஆறு வேண்டும். ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச் சுவர் பிதுங்கும், வளைவில் வண்டி ஆடும், டயர் நடுவில் மட்டும் தேயும். அதற்காக எட்டு இஞ்சுக்குப் போனால் சுவர் வெளிப்பக்கம் இழுபடும். ரிம்மின் உதட்டைக் காக்க ரப்பர் இருக்காது, கல் நேராக ரிம்மில் அடிக்கும். தம்பியின் ரிம்மோ வெளியே தள்ளி நிற்கிற ரகம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும். குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும். வீல் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும்.

பெரிய ரிம் மோகமும் இதே வகைதான். தார் ராக்ஸ் வண்டியில் 255/65 R18-ம் வருகிறது, 255/60 R19-ம் வருகிறது. இரண்டின் முழு உயரமும் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். 19-க்குப் போனால் வண்டி உயராது; பக்கச் சுவரில் 13 மில்லிமீட்டர் ரப்பர்தான் குறையும். கல்லு ரோட்டில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான்.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு எஸ்டேட்காரருக்கு நானே அகல டயர் மாட்டி விற்றேன். நல்ல லாபம். முதல் மழையில் அவர் வண்டி இறக்கத்தில் வழுக்கி மண் திட்டில் மோதி நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் வந்து ஒரு வார்த்தை திட்டாமல், "பழைய சைஸையே போடுங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். சைஸ் மாற்றியே தீர வேண்டுமென்றால், அதே மாடலின் இன்னொரு ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சக் காசை நல்ல பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், உள்ள டயருக்குச் செலவிடுங்கள். மலையில் உதவுவது அகலம் அல்ல, பட்டன்.

தம்பி அன்றைக்குக் கொஞ்சம் முகம் வாடித்தான் போனார். டயரும் ரிம்மும் குட்டியானையிலேயே திரும்பின. எனக்கு மாட்டுக்கூலி போனது. ஒரு மழைக்காலம் கம்பெனி டயரில் ஓட்டிப் பாருங்கள், அதன் பிறகும் வேண்டுமென்றால் வாருங்கள் என்றேன். வண்டி வாங்கும் எல்லாருக்கும் அதையேதான் சொல்கிறேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் டயர் அளவும் காற்று அளவும் போட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைக்காரனை, என்னையும் சேர்த்துத்தான், நம்புவதற்கு முன் அதைப் படியுங்கள்.