புங்கைக்குக் கிடைத்த மொட்டை



சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டிவிட்டால் எந்தக் குடியிருப்பு வளாகத்துக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான்: தூண் தூணாகச் சீவிவிட்ட கோனோகார்பஸ் மரம், அதன் காலடியில் கொரியன் புல். விளம்பரக் கையேட்டில் இதற்குப் பெயர் ‘இயற்கையின் மடியில் இல்லம்’. அதே கையேட்டின் படத்தில் நின்ற வேம்பும் மகிழமும் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடைப்பதில்லை.

கோனோகார்பஸ் மடமடவென வளரும். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வீடுகள் விற்று முடியும் வரை அது போதும். அதன் வேர் தண்ணீரைத் தேடிக் கழிவுநீர்க் குழாய்க்குள் புகும்போது கட்டியவர் அங்கே இருக்கமாட்டார், குடியிருப்போர் சங்கம்தான் இருக்கும். குஜராத் அரசு 2023-லேயே இந்த மரத்தை நடத் தடை விதித்தது. தமிழக அரசும் 2025-இல் தடை போட்டது. ஆனால் ஏற்கெனவே நட்டவை, பராமரிப்புக் கட்டணத்தில் மாதாமாதம் முடிவெட்டிக்கொண்டு சொகுசாக நிற்கின்றன.

புல்தரையின் கதை இன்னும் மோசம். கோடையில் அது பச்சையாக இருக்க நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரிக்கும் மேல். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிறோம் என்பார்கள். இயந்திரம் பழுதாகும் நாட்களில் புல்லுக்கும் லாரித் தண்ணீர்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை குடத்தோடு தெருவில் நின்றதை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டோமா?

இத்தனைக்கும் நடுவே தப்பிப் பிழைத்த நாட்டு மரங்கள் படும் பாடு தனி. ஒரு வளாகத்தின் வாசலில் புங்கை ஒன்று நின்றது. நிழலில் காவலாளியின் நாற்காலி. சித்திரையில் பூ உதிர்ந்து கார்களின் மேல் கொட்டுகிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடப் பேச்சு, மறுநாள் மரம் மொட்டை. அதைச் சுற்றி இன்டர்லாக் கல்லை அடிமரத்தை ஒட்டியே பதித்திருந்தார்கள். கைப்பிடி மண்கூட வெளியே தெரியாது. இப்போது காவலாளி கிழிந்த குடை ஒன்றைக் கம்பியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே விழும் சருகைக் குப்பையென்று வாரி வெளியே அனுப்பிவிட்டு, மண்புழு உரத்தை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு வேடிக்கை.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் கூடாது என்று டெல்லிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவிட்டது. வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது 2016 டிசம்பரில். வேர் பரவ இடமில்லாத மரம் எப்படி விழும் என்பதை அன்று நகரமே பார்த்தது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்கச் சொல்லி வாங்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. சதுர அடியை அளக்கும் அந்த நாடா மரத்தடிக்கும் வரட்டும். நாட்டு மரங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் திறந்த மண், கோனோகார்பஸை அகற்றக் கெடு ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த வளாகத்துக்கும் பணி நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அடுத்த பருவமழைக்கு முன் இதை ஆணையாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்